பதக்கம் வாங்கித் தந்தால் பைலை மூடிவிடலாமா?

போன வாரம் மாலை கடற்கரைச் சாலையில் எங்கள் வழக்கமான இடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேருமே பென்ஷன்காரர்கள். என்னோடு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதில் ஒரு நண்பரின் மகள் குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. பேத்தி அங்கே பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து குளத்துக்குப் போகிறாளாம். நன்றாக நீந்தினால் கல்லூரியில் அதற்காகவே ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பேச்சில்தான் டெரி மெக்கீவர் என்ற அம்மாளின் பெயர் வந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெண்கள் நீச்சல் அணிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 2023 ஜனவரி 31-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்.

நண்பர் பொரிந்து தள்ளிவிட்டார். "பாவம்பா அந்தம்மா. ஒலிம்பிக் மெடலா வாங்கிக் குடுத்திருக்காங்க. நாலு திட்டு திட்டினாங்கன்னு வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க தொட்டாச்சிணுங்கியா போயிடுச்சுங்க. நம்ம முசியே நம்மள எத்தினி அடி அடிச்சிருப்பாரு? நாம ஆளாகலையா?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வாய்ச்சண்டையில் எனக்கு எப்போதுமே வேகம் போதாது. முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு எந்தக் கேள்விக்கும் எழுத்தில் பதில் போட்டுத்தான் பழக்கம். ஆகவே இதை எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலில் அந்த அம்மாளுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். அவர் சாதாரண ஆள் இல்லை. தகப்பனார் மைக் மெக்கீவர் பெயர் பெற்ற கல்லூரி ஃபுட்பால் வீரர். கார் விபத்தில் நினைவிழந்து நீண்ட நாள் கிடந்து, மகள் சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். மகள் தகப்பன் படித்த தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலேயே நீச்சல் வீராங்கனையாகப் பெயரெடுத்தார். பிறகு ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் பயிற்சியாளர் வேலை. 1992-ல் பெர்க்லிக்கு வந்தார்.

அங்கே அவர் செய்த பெரிய வேலை நாட்டலி காஃப்லின் என்ற பெண்ணை மீட்டெடுத்தது. அந்தப் பெண் பள்ளி வயதிலேயே நாடு பேசும் நீச்சல்காரி. அளவுக்கு மீறிய பயிற்சியில் தோள்பட்டை கெட்டு, 2000 ஒலிம்பிக்குக்குத் தேர்வாகாமல், நீச்சலே வேண்டாம் என்ற மனநிலையில் கல்லூரிக்கு வந்தவள். அந்தக் காலத்து நீச்சல் பயிற்சி என்றால் தூரம்தான். காலையில் பல ஆயிரம் கஜம், மாலையில் பல ஆயிரம் கஜம், எண்ணிக்கொண்டே நீந்த வேண்டும். மெக்கீவர் அதைக் குறைத்தார். தூரத்தைவிடக் கை வீச்சும், உடம்பின் நிலையும், தண்ணீருக்கு அடியில் கால் உதைக்கும் முறையும் முக்கியம் என்றார். யோகா, பிலாட்டிஸ் என்று தரைப் பயிற்சிகளைச் சேர்த்தார். அந்தப் பெண் 2002-ல் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த உலகின் முதல் பெண்ணானாள். 2004 ஏதென்ஸில் ஐந்து பதக்கம், 2008 பெய்ஜிங்கில் ஆறு, 2012 லண்டனில் ஒன்று. மொத்தம் பன்னிரண்டு.

டேனா வோல்மர் என்ற இன்னொரு மாணவி 2012 லண்டனில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலை 56 விநாடிக்குள் முடித்து உலக சாதனை செய்தாள். பெர்க்லி அணி 2009, 2011, 2012, 2015 என்று நாலு முறை கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் நீச்சல் அணிக்கே மெக்கீவர் தலைமைப் பயிற்சியாளர். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் 2022 மே மாதத்தில் வெளியே வந்தது. தெற்குக் கலிபோர்னியாவின் ஒரு செய்தித்தாள் குழுமம் பெர்க்லி அணியில் இருந்த பெண்களையும் சில பெற்றோரையும் விசாரித்து நீண்ட கட்டுரை வெளியிட்டது. பேசிய நீச்சல் பெண்கள் மட்டும் பத்தொன்பது பேர். கெட்ட வார்த்தையில் வைவது, மற்றவர் எதிரில் அவமானப்படுத்துவது, மிரட்டுவது, அடிபட்டிருந்தாலும் காய்ச்சலாக இருந்தாலும் தண்ணீரில் இறங்கச் சொல்வது, இப்படிப் பல குற்றச்சாட்டுகள். சிலர் தற்கொலை எண்ணம் வரை போனதாகச் சொன்னார்கள். உடனே பல்கலைக்கழகம் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தி விசாரித்தது. விசாரணை எட்டு மாதம் நடந்தது. மாணவிகளை வார்த்தையால் துன்புறுத்தியதும், இனம், பிறந்த நாடு, உடல்நலக் குறை இவற்றை வைத்துச் சிலரைப் பாகுபாடாக நடத்தியதும் உண்மை என்ற முடிவுக்கு விசாரணை வந்தது. அதன் பிறகே நீக்கம். பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் பாதிக்கப்பட்ட மாணவிகளிடம் மன்னிப்பும் கேட்டார்.

மெக்கீவர் தாம் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை என்று அடியோடு மறுத்திருக்கிறார். தாம் பெண் என்பதால்தான் வேறு அளவுகோலில் அளக்கப்பட்டதாகவும் அவர் தரப்பு சொன்னது. அவரிடம் படித்த சில பெண்கள் அவரை ஆதரித்தும் பேசினார்கள். இதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன்.

"நாலு திட்டு" என்கிறார். திட்டுக்காக ஒருவரை அனுப்புவதாக இருந்தால் உலகத்தில் ஒரு பயிற்சியாளரும் மிஞ்ச மாட்டார். நீச்சல் என்பது கண்டிப்பில்லாமல் நடக்காத தொழில்தான். ஆனால் அதில் கண்டிப்பு செய்வதற்கு ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று இருக்கிறது. விநாடியின் நூறில் ஒரு பங்கைக் கூட அது விடாது. 'நீ நேற்றைவிட அரை விநாடி மெதுவாக வந்தாய், திரும்பும் இடத்தில் தலையைச் சீக்கிரம் தூக்கினாய், மறுபடி நீந்து' என்று சொல்வது கண்டிப்பு. அதைக் கேட்ட பெண்ணுக்கு என்ன திருத்த வேண்டும் என்று தெரியும். 'நீ எதற்கும் லாயக்கில்லாதவள்' என்பதில் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? அதைக் கேட்டவள் கையை மாற்றி வீசுவாளா, காலை மாற்றி உதைப்பாளா? அந்த வார்த்தையால் நீச்சல் ஒரு விநாடி கூடக் குறையாது.

அதற்குச் சாட்சி மெக்கீவரின் சொந்தக் கதையிலேயே இருக்கிறது. காஃப்லினைத் தூக்கி நிறுத்தியது எது? முறுக்கிப் பிழிந்த பழைய முறை அந்தப் பெண்ணின் தோளையும் மனசையும் கெடுத்திருந்தது. இவர் அதைத் தளர்த்தி, யோசித்து, அந்தப் பெண்ணின் உடம்புக்கு ஏற்றபடி மாற்றினார். இவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சாதனை பரிவாலும் புத்தியாலும் வந்தது. 'அடித்தால்தான் படியும்' என்ற கட்சிக்காரர்கள் சாட்சிக்கு இவரைக் கூப்பிட்டால் வழக்கு தோற்றுவிடும்.

அடுத்தது, "நாம ஆளாகலையா?" இந்த 'நாம' யார்? கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு பென்ஷன் பேசுகிற நாலு பேர். அவ்வளவுதான்.

நண்பருக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நம் வகுப்பில் குருசுக்குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். கணக்கில் நம் யாரையும் விடக் கெட்டிக்காரன். பிரெஞ்சு 'திக்தே' மட்டும் அவனுக்கு வராது. ஐந்து பிழை என்றால் சைபர். முசியே காகிதத்தில் கழுதைக் காது வைத்த குல்லாய் செய்து அவன் தலையில் மாட்டி வராந்தாவில் நிற்க வைப்பார். மற்ற வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது சிரித்துக்கொண்டே போவார்கள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான் என்றார்கள். முசியேயிடம் அடி வாங்கி ஆளானவர்களின் கணக்கை எடுக்கும்போது அவனை ஏன் சேர்க்க மறந்துபோகிறோம்?

பதக்கக் கணக்கும் அப்படித்தான். மேடையில் நிற்பவர்கள் படத்தில் இருக்கிறார்கள். பாதியில் அணியை விட்டுப் போனவர்களும் நீச்சல் உடையைத் திரும்பத் தொடாதவர்களும் எந்தப் படத்திலும் இல்லை. ஒரு பயிற்சியாளரின் கையில் எத்தனை பேர் உருவானார்கள் என்று எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேர் உடைந்தார்கள் என்றும் எழுத வேண்டும். வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அப்படிக் கொடுமை நடந்திருந்தால் முப்பது வருஷம் ஏன் பேசவில்லை?" என்றும் பெஞ்சில் ஒருவர் கேட்டார். கல்லூரி விளையாட்டு அங்கே நடக்கும் விதம் தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவு நமக்குத் தலை சுற்றும். விளையாட்டு ஸ்காலர்ஷிப் அந்தச் சுமையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தாங்குகிறது. அந்த ஸ்காலர்ஷிப் வெகு காலம் ஓராண்டுக்கு மட்டுமே தரப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதாக இருந்தது. 2012-ஐ ஒட்டித்தான் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரலாம் என்று விதி தளர்ந்தது. யாருக்குத் தருவது, யாரைப் போட்டியில் இறக்குவது, யாரைக் கரையில் உட்கார வைப்பது, எல்லாம் பயிற்சியாளர் கையில். பதினெட்டு வயசுப் பெண். வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். தோழிகள் எல்லாரும் அதே அணி. வெளியேறினால் படிப்பும் நட்பும் சின்ன வயசிலிருந்து கண்ட கனவும் ஒரே நாளில் போய்விடும். நம்மில் எத்தனை பேர் மேலதிகாரியை எதிர்த்து ஒரு வரி எழுதியிருக்கிறோம்? நமக்காவது நிரந்தர வேலையும் சங்கமும் இருந்தன.

பெண் என்பதால் பழி வாங்கினார்கள் என்ற வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் கூடாது என்ற சட்டம், 'டைட்டில் நைன்' என்பார்கள். அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கு நூற்றுக்கு 90-க்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியைகள், அதிகச் சம்பளம் இல்லாமல் பார்த்த வேலை. சட்டம் வந்து பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்ததும் அந்த நாற்காலிகளுக்கு ஆண்கள் வந்துவிட்டார்கள். 2014 கணக்கில் பெண் பயிற்சியாளர்கள் நூற்றுக்கு 43 அளவுக்கு இறங்கிவிட்டார்கள். நீச்சலில் தேசியப் பட்டம் வென்ற பெண்கள் அணிகளின் பட்டியலைப் பார்த்தால் தலைமைப் பயிற்சியாளர் பெயர்கள் பெரும்பாலும் ஆண் பெயர்களே. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் நாலு பட்டம் வென்றது சின்ன விஷயம் அல்ல.

குளக்கரையில் நின்று கத்துகிற ஆணை 'கறாரான மனிதர்' என்று புகழ்ந்தும், அதையே செய்த பெண்ணை மட்டும் தண்டித்தும் இருந்தால் அது அநியாயம்தான். அதற்குப் பரிகாரம், அந்த ஆண்களின் பைலையும் எடுத்து மேசைமேல் வைப்பது. இந்தப் பைலை மூடுவது பரிகாரமாகாது. ஏனென்றால் இந்த வழக்கில் அழுதவர்களும் பெண்கள்தான். ஒரு பெண்ணின் பதவியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் பல பெண்களின் புகாரைக் குப்பையில் போடுவதைப் பெண்ணுரிமை என்று எப்படிச் சொல்வது?

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் மெக்கீவர் மேல் அவ்வளவாக இல்லை. அவருக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான். மாணவிகளும் பெற்றோரும் பல ஆண்டுகளாகவே விளையாட்டுத் துறை அலுவலகத்தில் முறையிட்டுப் பார்த்ததாக அந்தச் செய்தித்தாள் எழுதியது. செய்தி அச்சில் வந்த அந்த வாரமே விடுப்பு, விசாரணை எல்லாம் நடக்க முடிந்ததே! அப்படியானால் சட்டம் இருந்தது, அதிகாரம் இருந்தது, விசாரிக்க ஆளும் இருந்தார்கள். இல்லாமல் போனது எது? மனசுதான். பட்டம் வந்துகொண்டிருந்தது. பட்டம் வரும்வரை யாருக்கும் பைலைத் திறக்க மனசு வரவில்லை.

இது நீச்சலில் மட்டும் இல்லை. 2016-ல் இண்டியானாபொலிஸ் நகரத்துப் பத்திரிகை, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தைப் பற்றி எழுதியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் மேல் வந்த பாலியல் புகார்களைத் தனித்தனிப் பைலாகப் போட்டுத் தலைமை அலுவலகத்தில் ஓர் இழுப்பறையில் வைத்திருந்தார்களாம். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரேச்சல் டென்ஹோலாண்டர் என்ற பெண் பத்திரிகைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதில் தொடங்கித்தான் லாரி நாசர் என்ற டாக்டரின் அக்கிரமம் வெளியே வந்தது. 2018 ஜனவரியில் கோர்ட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள்.

அந்த இழுப்பறையைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

1980-களில் நான் ஓர் அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஓர் அதிகாரி, வேலையில் புலி. மார்ச் 31-க்குள் ஒதுக்கிய பணத்தை ஒரு பைசா மிச்சமில்லாமல் செலவழித்துக் கணக்கைக் காட்டிவிடுவார். மேலிடத்தில் அவருக்கு ஏகப்பட்ட பேர். அவருடைய அறையில் டைப்பிஸ்ட் பெண்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு எழுத்துப் பிழைக்குக் காகிதத்தை முகத்தில் வீசுவார். காரியமாக வந்த வெளியாட்கள் எதிரில் குடும்பத்தை இழுத்துப் பேசுவார். ஒரு பெண் மனு கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து இன்னொரு மனு. மூன்றாவது மனுவில் மூன்று பேர் கையெழுத்து.

மனு என் சீட்டுக்குத்தான் வந்தது. சூப்பரின்டெண்டென்ட் "மார்ச் முடியட்டும்யா" என்றார். நானும் 'பதிவுக்கு வைக்கலாம்' என்று நோட் எழுதி இழுப்பறையில் வைத்தேன். அந்த மார்ச்சும் முடிந்தது, அடுத்த மார்ச்சும் முடிந்தது. முதல் மனு கொடுத்த பெண் ராஜினாமா செய்துவிட்டாள். அந்தக் காலத்தில் அரசாங்க வேலையை விடுவதென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கடைசி நாள் என் மேசைக்கு வந்து, "சார், என் மனு மேலே போச்சா?" என்று கேட்டாள். "பரிசீலனையில இருக்கும்மா" என்றேன். அது என் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு 'ரோன் த க்யீர்' என்று ஒரு கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உட்காரும் வட்டத் தோல் மெத்தை என்று அர்த்தம். பள்ளியில் அந்தச் சொல்லைப் படித்தபோது சிரித்தேன். அன்று மாலை அந்தப் பெண் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு என் மெத்தையில் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்த அதிகாரி கெட்டவரா நல்லவரா என்பது வேறு விஷயம். அவரை அப்படி நடக்க விட்டது என் பேனா. பெர்க்லியிலும் எனக்கு ஒரு தோழன் இருந்திருப்பான். எங்கோ ஓர் அறையில், ஒரு தகப்பன் எழுதிய கடிதத்தைப் படித்து, 'தேசியப் போட்டி முடியட்டும்' என்று எடுத்து வைத்திருப்பான்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. உன் பேத்தி நன்றாக நீந்தட்டும், கண்டிப்பான பயிற்சியாளரிடமே நீந்தட்டும். ஆனால் ஒரு நாள் அவள் குளத்திலிருந்து வந்து பேசாமல் சாப்பாட்டை ஒதுக்கினால், போனில் 'பொறுத்துக்கோம்மா, நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்' என்று மட்டும் சொல்லிவிடாதே. என்ன நடந்தது என்று கேள். அவள் சொல்வதை முழுவதும் கேள். உன் மகளைக் கடிதம் எழுதச் சொல். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதச் சொல், அதற்கு மேலே இருப்பவருக்கும் நகல் போடச் சொல். நகல் போட்டால்தான் இழுப்பறையில் வைக்க முடியாது. இது ஒரு பழைய குமாஸ்தா தன் தொழிலைக் காட்டிக்கொடுத்துச் சொல்கிற யோசனை.

குருசுக்குப்பத்துப் பையனை வகுப்பில் யாராவது பிறகு பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.